வீட்டுக்குள் போட்ட ஷூ

சகலை கொழுக்கட்டை கொண்டுவந்த அன்று நான் ஆறு சாப்பிட்டேன். ஒவ்வொன்றையும் கடிக்கும்போது வயிறு எரிந்தது. சுமாராக இருந்திருந்தாலாவது ஏதாவது குறை சொல்லி ஆறுதல் அடைந்திருப்பேன். தேங்காயும் வெல்லமும் ஏலக்காயும் அளவாகச் சேர்ந்து அருமையாக இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

என் மனைவி பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை யார் கையையும் பிடிக்காமல் நடக்கத் தொடங்கிய அன்று கொழுக்கட்டை அவித்துச் சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுப்பார்கள். மாமியார் காலமான பிறகு அந்த வேலையை மாமனாரே எடுத்துக்கொண்டார். அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், இப்போது இட்லிப் பானையை அதே கண்டிப்போடு பார்க்கிறார். அவர் மயிலாப்பூரில் அவித்ததை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மந்தைவெளியில் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் சகலை. என் மனைவியின் அக்கா கணவர். நடந்தது அவருடைய மகன்.

"நேத்து சாயங்காலம் சகலை. நான் மீட்டிங்ல இருந்தேன். சோபாவப் புடிச்சிட்டு நின்னுட்டு இருந்தவன் திடீர்னு கைய விட்டுட்டு நேரா என்கிட்ட வந்துட்டான். லேப்டாப்பைக்கூட மூடாம தூக்கிட்டேன். ஆபீஸ்ல எல்லாரும் கை தட்டினாங்க."

நேரா என்கிட்ட வந்துட்டான். இந்த ஒரு வாக்கியத்தை அவர் போன பிறகும் நான் மென்றுகொண்டே இருந்தேன்.

அவருடைய மகன் என் மகளைவிடப் பத்தொன்பது நாள் சின்னவன். பல் அவனுக்குத்தான் முதலில் முளைத்தது. குப்புற விழுந்தது அவன்தான் முதலில். 'தாத்தா' என்று சொன்னதும் அவன்தான். இதையெல்லாம் நான் பெரிய மனதோடு பொறுத்துக்கொண்டேன் என்று அப்போது நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் என் மகள் தரையில் உட்கார்ந்து, அவர் கொண்டுவந்த டப்பாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று மாதம். தவழ்வதில் புலி. டிவி மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கையை விட மாட்டாள்.

உண்மையில் என் பொறாமை பல்லின் மேலோ நடையின் மேலோ இல்லை. சகலைக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆழ்வார்பேட்டையில் லிப்ட் வைத்த அடுக்ககம், பெரிய கூடம், நாள் முழுவதும் மகன் காலடியில். எனக்கு நந்தனத்தில் அலுவலகம். காலை எட்டரைக்குக் கிளம்பினால், மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலைகளையெல்லாம் சுற்றிக்கொண்டு திரும்பும்போது மணி ஏழு. மகள் எட்டரைக்குத் தூங்கிவிடுவாள். அவளுடைய நாளில் எனக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை தனி. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் அவள் தன் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டும், என்னைப் பார்த்து வைக்க வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சகலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டார். லஸ் பக்கத்துப் பூங்காவில் பையன் நடக்கிறான். காலில் நீல நிற ஷூ. அந்த வீடியோவை நான் அலுவலகத்தில் எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் எனக்கே கேவலமாக இருக்கும். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, ஷூவைத்தான் பார்த்தேன். பார்க்கப் பார்க்க விஷயம் விளங்கிவிட்டது. இவ்வளவு சின்ன வயதில் இவ்வளவு திடமாக நடக்கிறான் என்றால் காரணம் அந்த ஷூதான். வெளிநாட்டுச் சரக்காக இருக்கும். நமக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமையே தி.நகர் போனேன். மனைவியிடம் தலைவலி மாத்திரை வாங்கப் போவதாகச் சொன்னேன். பனகல் பூங்காப் பக்கம் ஒரு பெரிய செருப்புக் கடை. குழந்தைகள் பிரிவில் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் அளவு டேப்பை மாலையாகப் போட்டிருந்தார்.

"இன்னா சார், பாப்பாவுக்கா? எத்தினி மாசம்?"

"பதிமூணு."

"இன்னும் நடக்கலையா?"

அந்த 'இன்னும்' எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. "நடக்கப் போறா. நல்லா கெட்டியா ஒண்ணு வேணும்," என்றேன்.

முதலில் அவர் துணி மாதிரி மெல்லியதாக ஒன்றை எடுத்துக் காட்டினார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அது ஷூவா, சாக்ஸா? இன்னும் கெட்டியாக, இன்னும் கெட்டியாக என்று கேட்டுக்கொண்டே போனதில், கடைசியில் கணுக்காலுக்கு மேல் ஏறும் ஒரு ஜோடி வந்தது. அடிப்பாகம் விரல் தடிமன். முன்னும் பின்னும் பலகை போல விறைப்பு.

"இது கணுக்காலை அப்படியே புடிச்சிக்கும் சார். கொழந்த ஆடாது," என்றார். நான் கேட்டதைத்தான் அவர் சொன்னார், பாவம். மகளின் பாதத்தை ஒரு காகிதத்தில் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். அதை வைத்துப் பார்த்து, "இந்த சைஸு கரெக்டா கீது," என்றார்.

"ரெண்டு சைஸ் பெருசா கொடுங்க. வளர்ற கால்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "அப்ப முன்னாடி கொஞ்சம் பஞ்சு வச்சிக்கோங்க சார்."

இது எனக்குப் புதிதில்லை. பள்ளி நாட்களில் ஒவ்வொரு ஜூனிலும் எனக்கு இப்படித்தான் கறுப்பு ஷூ வாங்கினார்கள். முனையில் செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு நடப்பேன். கால் வளர்ந்து ஷூ சரியாகும் நாளில் ஷூ கிழிந்திருக்கும். வாழ்க்கையில் ஒருநாள்கூட அளவான ஷூ போட்டதில்லை. அப்படியும் நடந்துகொண்டுதானே இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை எங்க?" இரண்டாவது, "இதப் போட்டுட்டு எங்க நடக்கப் போறா?"

"வீட்லதான்."

"வீட்டுக்குள்ள ஷூவா? சாமி அலமாரி இங்க இருக்கு!"

எங்கள் வீட்டில் செருப்பு வாசல் கதவுக்கு வெளியேதான். விருந்தாளி தெரியாமல் ஓர் அடி உள்ளே வைத்துவிட்டால்கூட மனைவி அவர்கள் போன பிறகு அந்த இடத்தைத் துடைப்பாள். எனக்கும் அது தெரியும். நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் பொறாமை வந்தவனுக்கு வாதம் பண்ண நன்றாக வரும். புத்தம் புது ஷூவின் அடிப்பாகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பால்கனியில் காயவைத்தேன். "இது தெருவுலயே படாது. தெருவுல படாதது எப்படிச் செருப்பாகும்? இது ஒரு பயிற்சிக் கருவி," என்றேன்.

"அப்ப நீங்களும் ஒரு ஜோடி கழுவிப் போட்டுக்குங்க. நீங்களும் இன்னும் சரியா நடந்துக்கலை," என்றாள்.

அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று முதல் தினமும் மாலை வீடு திரும்பியதும் பையை வைப்பேன், கை கழுவுவேன், மகளை உட்காரவைத்து ஷூவை மாட்டுவேன். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பயிற்சி. முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் காலை உதறினாள். மூன்றாம் நாளிலிருந்து பேசாமல் இருந்தாள். பழகிவிட்டாள் என்று மகிழ்ந்தேன். என் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் கையை விட்டு நடந்தாள். நடந்தாள் என்றுதான் நான் சொன்னேன். முழங்கால் தண்ணீரில் இறங்கியவள் போல ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கி, தரையில் தடாலென்று போடுவாள். கால்களை அகட்டி வைத்திருப்பாள். ஷூ வளையாது, அதனால் பாதமும் வளையாது. முனை தரையில் உரசும். இரண்டு அடி, மூன்று அடி, அப்புறம் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். கீழ் வீட்டு அம்மா ஒருநாள் மேலே வந்து, "என்னங்க, அம்மிக்கல்லு உருட்டறீங்களா?" என்று கேட்டார்.

இதைவிட விசித்திரம் ஒன்று நடந்தது. முன்பு வெறுங்காலோடு டிவி மேஜையைப் பிடித்து நின்றவள், இப்போது ஷூவைக் கழற்றினால் நிற்கக்கூட மாட்டேன் என்றாள். தன் கால்களைக் குனிந்து பார்ப்பாள். கொஞ்சம் யோசிப்பாள். பிறகு உட்கார்ந்து தவழப் போய்விடுவாள். "பாத்தியா, ஷூ போட்டாத்தான் நடக்கறா. ஷூவோட மகிமை," என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று துளிகூட இல்லை.

ஷூவோடு நாலு அடி நடந்ததை வீடியோ எடுத்து, ஐந்தாவது அடியில் விழுந்ததை வெட்டிவிட்டு, குடும்பக் குழுவில் போட்டேன். இதயங்கள் வந்து குவிந்தன. மாமனாரிடமிருந்து குரல் செய்தி வந்தது. "ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை. ஷூவக் கழட்டிட்டு நடக்கும்போது சொல்லுங்க, அரிசி ஊற வைக்கிறேன்."

அதாவது இது கணக்கில் சேராது. அந்த வீட்டில் நடப்பது என்றால் வெறுங்காலோடு வீட்டுக்குள் நடப்பது. வேறு மாதிரி நடக்க முடியும் என்றே அவர்களுக்குத் தோன்றியதில்லை. சற்று நேரத்தில் சகலையிடமிருந்து தனியாக ஒரு செய்தி. "சூப்பர் சகலை! ஷூ மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கற மாதிரி தெரியுது." அவர்தான் மாமனாரைத் தூண்டிவிட்டிருக்கிறார் என்று அந்த நொடியே முடிவுகட்டினேன். மகன் முதலில் நடந்தது போதாது, என் மகள் நடந்ததே இல்லை என்று ஆக்க வேண்டும் அவருக்கு. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் மதியச் சாப்பாடு. மாதம் ஒருமுறை இரண்டு மகள்களும் குடும்பத்தோடு அங்கே போவது வழக்கம். வாசலில் எல்லோருடைய செருப்புகளும் வரிசையாகக் கிடந்தன. நான் என் செருப்பைக் கழற்றிவிட்டு, மகளை ஷூவோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மாமனார் அந்த ஷூவைப் பார்த்தார். மாப்பிள்ளையைக் கேட்க முடியாதே. தன் மகளைப் பார்த்தார். என் மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

சகலையின் மகன் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தான். மொசைக் தரையில் வெறுங்கால். கால்விரல்கள் ஐந்தும் விசிறியாக விரிந்து தரையைப் பிடித்துக்கொண்டன. ஓடுகிறவன் சட்டென்று நிற்பான், திரும்புவான், கீழே கிடந்த வெள்ளரித் துண்டை எடுக்கக் குந்துவான், எடுத்துக்கொண்டு அப்படியே எழுந்து மறுபடி ஓடுவான். நான் அவன் ஷூ எங்கே என்று தேடினேன். அது வாசலில் மற்றச் செருப்புகளோடு கிடந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இன்னும் அதிகமாக எரிந்தது.

மகளைக் கூடத்தின் அந்தப் பக்கம் நிறுத்தினேன். இந்தப் பக்கம் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் பார்க்கும்படி, "வாடா செல்லம், அப்பாகிட்ட வா," என்றேன்.

வந்தாள். தடால், தடால், தடால். நடுவில் விரித்திருந்த பாயின் ஓரத்தில் ஷூவின் முனை மாட்டியது. கையை ஊன்றக்கூட நேரமில்லாமல் முகம் தரையில் மோதியது. ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு அலறினாள். உதடு கிழிந்து ரத்தம்.

நான் எழுந்திருப்பதற்குள் சகலை தூக்கிவிட்டார். அவர்தான் பக்கத்தில் இருந்தார். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, இன்னொரு கையால் ஷூ இரண்டையும் கழற்றிக் கீழே போட்டார். யாரையும் கேட்கவில்லை. ஷூவிலிருந்து அழுக்கேறிய பஞ்சு உருண்டு வந்து விழுந்தது.

"சகலை, இந்தப் பஞ்சு..." என்று ஆரம்பித்தார்.

"கொடுங்க என் பொண்ண," என்றேன். அந்த வீட்டில் அதுவரை யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "உங்க பையன் நடந்துட்டான்னா ஊர்ல இருக்கற குழந்தைங்களுக்கெல்லாம் நீங்கதான் வாத்தியாரா? எங்களுக்குப் பாத்துக்கத் தெரியும்."

சமையலறையில் மாமனார் அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது. சகலை குழந்தையை என்னிடம் கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சகலை," என்று மட்டும் சொன்னார். அவர் திருப்பிக் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மடியில் போட்டுக்கொண்டபோதுதான் அவள் பாதங்களைப் பகல் வெளிச்சத்தில் சரியாகப் பார்த்தேன். கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். விரல்கள் உள்பக்கம் சுருண்டிருந்தன. சுண்டுவிரல் அடுத்த விரலுக்கு அடியில் போயிருந்தது. பெரிய ஷூ கழன்றுவிடாமல் இருக்க, அவள் விரல்களைச் சுருட்டி அதைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள்.

மறுநாள் மனைவி எங்கள் இரண்டு பேரையும் அடையாறில் ஒரு குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். எங்கள் இரண்டு பேரையும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மருத்துவர் உதட்டைப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு ஷூவைக் கையில் வாங்கினார். இரண்டு கையாலும் வளைக்கப் பார்த்தார், வளையவில்லை. என்னிடம் நீட்டினார்.

"நீங்க வளைங்க சார்."

என் பலம் முழுவதும் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

"உங்களாலயே முடியல. அவ எப்படி வளைப்பா?" என்றார். "இந்த வயசுல கால் எலும்பு முழுசா எலும்பாவே ஆகியிருக்காது. உள்ளங்கால் தரையத் தொட்டாத்தான் எங்க நிக்கறோம், எப்படிச் சாயறோம்னு குழந்தைக்குத் தெரியும். விரல்தான் பிடிமானம். இவ்வளவு நாளா இவ நடக்கக் கத்துக்கல சார், ஷூவத் தூக்கக் கத்துக்கிட்டா. வீட்ல வெறுங்கால் போதும். வெளிய போகும்போது மட்டும் மெலிசா, வளையற மாதிரி, அளவா ஒண்ணு."

"எப்ப நடப்பா?"

"அவளுக்குத் தோணும்போது. பதினெட்டு மாசம் வரைக்கும் கவலையே படாதீங்க."

வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்க வேண்டும். "இல்ல டாக்டர், இவளவிடச் சின்னப் பையன் ஒருத்தன் ஓடறானே," என்றேன்.

"யாரு?"

"என் சகலை பையன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப வைத்தியம் குழந்தைக்கு இல்ல," என்றார். என் மனைவி ஒரு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மெதுவாகக் கேட்டேன். "அவனும் அந்த நீல ஷூவப் போட்டுத்தானே நடந்தான்?"

"நடந்ததுக்கு அப்புறம் பார்க்குல போட வாங்கினது அது. அதுவரைக்கும் அவன் கால்ல ஒண்ணும் போட்டதே இல்ல," என்றாள். "என்னக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

ஷூ அன்றே குப்பைக்குப் போயிற்று. ஆனால் நடை வரவில்லை. ஷூவும் இல்லாமல், பழைய தைரியமும் இல்லாமல், மகள் மறுபடி தவழத் தொடங்கினாள். மாலைகளில் நான் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிடுவேன். தவழ்ந்து வருவாள். வருவது தவழ்ந்து என்றாலும் என்னிடம்தானே வருகிறாள் என்று ஒரு நல்ல தகப்பன் சந்தோஷப்பட்டிருப்பான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி மதிய வேளைகளில் ஆழ்வார்பேட்டைக்கு அக்கா வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே கூடம் பெரியது, இரண்டு குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் என்றாள். எனக்குப் பகீரென்றது. அங்கே அவர் இருப்பார், நாள் முழுவதும். போகாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. வெளியில் சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. "எதாவது புதுசா செஞ்சா உடனே எனக்கு போன் பண்ணு," என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். போன் எதுவும் வரவில்லை.

மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை அலுவலகத்தில் ஏதோ மின்சாரக் கோளாறு, மூன்றரை மணிக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். சொல்லாமல் போய் அழைத்துவரலாம் என்று நேரே ஆழ்வார்பேட்டைக்கு வண்டியை விட்டேன். மாலை வெயிலோடு மகள் முகத்தைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று வழியெல்லாம் சந்தோஷம்.

கேட்டில் காவலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தார். "இன்னா சார், பாப்பாவக் கூட்டினு போவ வந்தீங்களா? செமயா நடக்குது சார் பாப்பா. நேத்து மொட்ட மாடில சாரு கைய நீட்டிக்கினு கூப்புட்டாரு, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் போச்சு."

"அப்படியா?" என்றேன். வண்டியை எப்படி நிறுத்தினேன் என்று நினைவில்லை.

லிப்டில் நாலு மாடி. அதற்குள் நான் சகலையைத் திட்டாத திட்டில்லை. மனைவியையும் விடவில்லை. எனக்கு ஒரு போன் பண்ண முடியவில்லையா? அவர் மகன் அவரிடம் நடந்து வந்தான். என் மகளும் அவரிடமே போக வேண்டுமா? அவருக்கு எத்தனை குழந்தைகள் நடந்து வர வேண்டும்?

வீட்டுக் கதவு திறந்திருந்தது, இரும்புக் கிராதி மட்டும் சாத்தியிருந்தது. வெளியே செருப்பு அலமாரி பக்கத்தில் நான் நின்றேன். உள்ளே என்னை யாரும் பார்க்கவில்லை. பெண்கள் இருவரின் பேச்சுச் சத்தம் சமையலறையிலிருந்து வந்தது. சகலை கூடத்தின் கோடியில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மகன் அவர் தொடையின் மேல் ஒரு காரை ஓட்டிக்கொண்டிருந்தான். என் மகள் பால்கனிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

நடந்து வந்தாள். கைகள் இரண்டும் தோள் உயரத்தில், கொஞ்சம் ஆடிக்கொண்டு. சத்தமே இல்லை. குதிகால் தரையைத் தொட்டதும் பாதம் மெதுவாகப் பரவி, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து தரையைப் பிடித்தன. கட்டைவிரல் அழுத்தித் தள்ள, அடுத்த கால் தானாக வந்தது. நடுவில் ஒருமுறை சாய்ந்தாள். விரல்களைச் சுருக்கித் தரையை இறுக்கிப் பிடித்து, தானே நிமிர்ந்தாள். அந்த அழகைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அதுவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்ததை நான் மறந்துவிட்டேன்.

கிராதியைத் தள்ளினேன். அது கிறீச்சிட்டது. மகள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு, நின்ற இடத்திலேயே மெதுவாக உட்கார்ந்தாள். இரண்டு கால்களையும் என்னை நோக்கி நீட்டிக்கொண்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. "வாடா," என்று கையை நீட்டினேன். அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு காலை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். என் தோளில் தொங்கிய பையை எட்டிப் பார்த்தாள். ஷூவைத் தேடினாள்.

அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, உதறவில்லை. அப்பா வந்தால் நடப்பதை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும், காலை நீட்ட வேண்டும். அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது அதுதான். நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

சகலை எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்த்தார், குழந்தையின் காலைப் பார்த்தார். "வாங்க சகலை. இப்பதான் எதையாவது புடிச்சிக்கிட்டு நிக்க ஆரம்பிச்சிருக்கா. நடக்க இன்னும் ஒரு வாரம் ஆகும் போல," என்றார். கண் இமைக்காமல் சொன்னார். சமையலறை வாசலுக்கு வந்த என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் எனக்கு ஏன் போன் பண்ணவில்லை என்று அப்போது தெரிந்தது. முதல் அடியை எனக்காகப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள்.

"அப்படியா," என்றேன்.

சட்டை பேண்டோடு அந்தத் தரையில் உட்கார்ந்தேன். அவள் பாதங்கள் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். சூடாக இருந்தன, அடியில் கொஞ்சம் தூசி. "ஷூ இல்லடா. இனிமே இல்ல," என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விரல்களைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

சகலை தன் மகனைத் தூக்கிக்கொண்டு, பெண்கள் இருவரையும் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். எந்த நேரத்தில் எழுந்து போக வேண்டும் என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதும் அவர்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.